உலோகம் இல்லை

திருட்டு நடந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது துப்பறியும் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடம் நடந்த அன்று வேம்புலி லீவு போட்டிருக்க வேண்டும்.

"ஒம்போது காலிங் பெல்லா? வெறும் பெல்லு மட்டும்தானா? வாசல்ல கெடந்த செருப்பு, சைக்கிளு, ஒண்ணயும் தொடலியா?"

"செருப்பையும் எடுத்திருந்தா சிரிக்க மாட்டியா?" என்றாள் கோமளா. "வாயை மூடிட்டுச் சுவரைப் பாரு."

கோமளா இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் 'தானாகவே தீப்பிடித்த' கடைகளை விசாரித்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். வேம்புலி அவளுடைய ஒரே உதவியாளன். அவனுடைய ஆட்டோதான் நிலையத்தின் ஒரே வாகனம். நிலையத்துக்கு நகைச்சுவைப் பிரிவு ஒன்று இருந்தால் அதற்கும் அவன்தான் பொறுப்பு.

மண்ணூர்பேட்டை பொன்னெழில் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், 3சி வீட்டு வாசலில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் காலிங் பெல் சுவிட்சு இருந்த இடம் காலியாக இருந்தது. மூன்று வாரத்தில் இது ஒன்பதாவது. எல்லாமே காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போனவை. அந்த நேரத்தில் பாதிப் பேர் ஆபீஸ் போயிருப்பார்கள், மீதிப் பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஆபீஸில் இருப்பார்கள்.

அந்த நேரத்தில் மாடி ஏறி இறங்குகிறவள் வீட்டு வேலை செய்யும் முனியம்மா ஒருத்திதான். ஆகவே திருடி அவள்தான் என்று முடிவாகிவிட்டது. காலையிலிருந்து அவளை மாடிக்கு விடாமல் கேட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். அதில் புகார்க் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கடிதம் போலீசுக்குப் போகும், முனியம்மாவின் படம் பக்கத்து அடுக்ககங்களின் வாட்ஸப் குழுக்களுக்குப் போகும். அதன் பிறகு மண்ணூர்பேட்டையில் எந்த வீட்டு வாசலும் அவளுக்குத் திறக்காது.

"ஆதாரம் எங்ககிட்டயே இருக்கு மேடம்" என்றாள் 3சி அனுசுயா. கோவில்பட்டியிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண். கோமளாவை அழைத்ததும் அவள்தான். "நீங்க உறுதிப்படுத்திக் கொடுத்தா மட்டும் போதும். அவங்க தங்கச்சிக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் மெசேஜைத் தவறி எனக்கு அனுப்பிட்டாங்க. கேளுங்க."

போனில் முனியம்மாவின் குரல் கேட்டது. "மூணாவது மாடிய கயட்டி உட்டுட்டேன்டி. இனிமே ரெண்டாவது மாடி மட்டும்தான்."

"கேட்டீங்களா? கழட்டிட்டேன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. அடுத்து ரெண்டாவது மாடியாம்! அதே வாரம் ரெண்டாவது மாடியிலயும் ரெண்டு பெல் போச்சு."

வேம்புலி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கோமளா முறைத்ததும் நிமிர்ந்தான்.

"இன்னாம்மா நீ! கயட்டி உட்டுட்டேன்னா வேலைய உட்டுட்டேன்னு அர்த்தம். ஒங்க மாடி வேலை வாணான்னு நின்னுக்கிச்சு. ஒங்க ஊர்ல லவ்வு பண்ணவன மட்டும்தான் கயட்டி உடுவீங்களா? எங்க ஏரியால வேலை, ஊடு, ஓனரு, எல்லாத்தையும் கயட்டி உடலாம்."

அனுசுயாவின் முகம் கொஞ்சம் சிவந்தது. "அவங்க போன வாரத்துலேருந்து எங்க மாடிக்கு வரலைங்கிறது உண்மைதான். ஆனா பெல் போனதும் உண்மைதானே?"

"ஏன் வாணான்னுச்சாம்?"

"நான் ஹெட்போன்ல மீட்டிங் பேசிட்டிருக்கும்போது அவங்களைத் திட்டறேன்னு நினைச்சிட்டாங்களாம்."

கோமளா இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. டார்ச்சைச் சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேம்புலி, இங்கே என்ன தெரியுது?"

"ரெண்டு ஸ்க்ரூ."

"எங்கே?"

"ஓட்டைலயே கீது." சொல்லிவிட்டு வேம்புலி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான். சுவிட்சைக் கழற்றிய பிறகு, இரண்டு ஸ்க்ரூவும் திரும்ப அதே ஓட்டைகளில் அளவாக முடுக்கப்பட்டிருந்தன. "அக்கா, இது திருடன் இல்ல. ஃபிட்டரு. எங்க மாமன் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனில லேத்து ஓட்னாரு. கல்யாண மண்டபத்துல நாற்காலி ஒடஞ்சாக்கூட நட்டப் பொறுக்கி அதே ஓட்டைல முடுக்கிட்டுத்தான் பந்தில குந்துவாரு."

"ஒயரைப் பாரு."

ஒயர் முனைகள் இரண்டும் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருந்தன. யாராவது தெரியாமல் தொட்டால் ஷாக் அடிக்கக் கூடாது என்ற அக்கறை. மற்ற எட்டு வாசல்களிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப். இங்கே மட்டும் டேப் தீர்ந்துபோய்விட்டது போல, ஒரு முனையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று சுற்றியிருந்தது. கோமளா பெல் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அதைப் பக்குவமாகப் பிரித்தாள். 'உலோகம் இல்லை. சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. கீழே பொடி எழுத்தில், 'சுடரொளி மூளை ஆய்வு மையம், சென்னீர்குப்பம்.'

"கம்பி மேல ஒட்டிட்டு உலோகம் இல்லைன்றான்" என்றான் வேம்புலி. "தில்லான ஆளுதான்."

"இந்த அடுக்ககத்துல யாராவது மூளை ஸ்கேனுக்குப் போறாங்களா?" என்று அனுசுயாவைக் கேட்டாள் கோமளா.

"கீழ் வீட்டு ரசாக் பாய். பாவம், பார்க்கின்சன். செக்ரட்டரி ஜெகதீசன் சார்தான் வியாழக்கிழமைல விடிகாலைலயே டாக்ஸி பிடிச்சு அழைச்சிட்டுப் போய், பத்து மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுவார். எங்க பெல் போனதுகூட வியாழக்கிழமைதான். ஆனா ரசாக் பாயால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது மேடம். ஸ்க்ரூவை எப்படிக் கழட்டுவார்?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தரைத்தளத்தில் சங்க அறை வாசலில் உட்கார்ந்திருந்த அப்துல் ரசாக்குக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். டீ குடிப்பதற்குள் பாதி டீ சாஸருக்கு வந்துவிட்டது.

"பார்க்கின்சனா பாய்?" என்று கேட்டாள் கோமளா.

ரசாக் பாய் பக்கத்தில் நின்ற செக்ரட்டரியை ஒரு பார்வை பார்த்தார். "ஊரே அப்படித்தாம்மா சொல்லுது. நாம எதுக்கு மறுத்துப் பேசணும்?" பிறகு நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "கையை விடுங்க. இங்கே ஒரு பேஸ்மேக்கர் வச்சிருக்காங்க. அதுதான் என்னை ஓட்டுது."

செக்ரட்டரி ஜெகதீசன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் ஓசூரில். தேய்த்த சட்டை, வலது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில். பேச்சில் சிரிப்பு கிடையாது. "அஞ்சு மணிக்குள்ள அறிக்கை கொடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

நோட்டீஸ் பலகையில் கூட்ட அறிவிப்பு அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. வேம்புலி மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனான். "இன்னாக்கா இது, எறும்புக்கு லெட்டர் எழுதனா மாரி கீது?"

"சார் பேப்பர் மிச்சம் பிடிக்கிறார்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்" என்றாள் அனுசுயா. பலகையின் ஓரத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தண்ணீர் அறிவிப்பு ஒன்று இன்னும் தொங்கியது. அதுவும் அவர் எழுதியதுதான், ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டை விரல் உயரம். கோமளா இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேம்புலியை அவசரப்படுத்தினாள்.

கேட்டைத் தாண்டும்போது முனியம்மா ஆட்டோவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணாத்தே, நான் பெல்லத் தூக்கிகினு போயி இன்னா பண்ணப் போறேன்? எங்க ஊட்ல கதவே இல்ல, துணிதான் தொங்குது. இதக் கேக்க ஒரு ஆளில்ல."

"அஞ்சு மணிக்குள்ள வந்துருவோம்க்கா" என்றான் வேம்புலி.

வானகரம் வழியாக சென்னீர்குப்பம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதில் அரை மணி நேரம் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வு மையத்தில் டாக்டர் கிருஷ்ணப்பிரியா முதலிலேயே கையை விரித்துவிட்டாள். "இங்கே வர்றவங்க பேரைச் சொல்ல மாட்டேன். எங்க வேலையைப் பத்தி மட்டும் எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க."

"அது போதும்" என்றாள் கோமளா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய வெள்ளை இயந்திரம் டக் டக்கென்று சத்தம் போட்டது. தரையில் ஒரு சிவப்புக் கோடு. கதவில் ஒரு சிவப்புப் பலகை. வேம்புலி அதை உரக்கப் படித்தான்: "காந்தம் எப்போதும் இயங்குகிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. உலோகப் பொருட்களைத் தட்டில் வைக்கவும்." படித்துவிட்டுத் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"உள்ளே படுத்திருக்கிறவருக்கு ஒரு திரை தெரியும்" என்றாள் டாக்டர். "பச்சை வட்டம் வந்தா பட்டனை அழுத்தணும். சிவப்பு வந்தா அழுத்தாம நிக்கணும்."

"அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல்லயும் அதான் கீது டாக்டரம்மா. எவனும் நிக்க மாட்டான்."

டாக்டர் சிரித்தாள். "அதையேதான் நாங்க படம் எடுக்கிறோம். நிக்கணும்னு முடிவு பண்றப்ப மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு. பார்க்கின்சன் மாத்திரைல ஒரு வகை இருக்கு. கை நடுக்கம், விறைப்பு, எல்லாம் குறையும். ஆனா அதைச் சாப்பிடுறவங்கள்ல சில பேருக்கு மனசோட பிரேக் கொஞ்சம் இளகிடுது. சிலர் தின்னுக்கிட்டே இருப்பாங்க. சிலர் சேலையா வாங்கித் தள்ளுவாங்க. சிலர் சீட்டு ஆடுவாங்க. சிலர் கையில கிடைச்ச பொருளை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவாங்க."

வேம்புலியும் கோமளாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தப் படத்தப் பாத்தே இன்னார்தான் ஆளுன்னு சொல்லிரலாமா?"

"முடியாது. நிறைய பேரோட படத்தைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஒரு வித்தியாசம் தெரியும். தனி ஆளோட படம் சாட்சி சொல்லாது. அவங்களும் சொல்ல மாட்டாங்க. வெட்கம். கேட்டா 'அப்படி ஒண்ணும் இல்லை'ம்பாங்க. சொன்னா மருந்து அளவை மாத்திப் பெரும்பாலும் சரி பண்ணிடலாம். ஒரு பழக்கத்துக்காக ஒரு மனுஷன் தன்னைத் திருடன்னு நினைச்சிக்கிட்டு வீட்ல உட்கார்ந்திருக்கிறதுதான் பெரிய கொடுமை."

வரவேற்பு மேஜையில் 'தட்டில் மறந்து விட்டுச் சென்றவை' என்று எழுதிய அட்டைப் பெட்டி இருந்தது. வேம்புலிக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கிளறினான். ஹேர்பின், சாவி, ஒற்றைக் கம்மல். அவற்றுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங், அதில் சிக்கிக்கொண்டு ஒரு வெள்ளைப் பட்டன். பட்டனில் மணிப் படம் போட்டிருந்தது.

"அக்கா!"

கோமளா அதைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உலோகம் இல்லைன்னு ஒட்டற மஞ்சள் ஸ்டிக்கர், நோயாளி கூட வர்றவங்களுக்கும் உண்டா?"

"இல்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போறவங்க சட்டையில மட்டும்தான் ஒட்டுவோம்."

வெளியே வந்ததும் வேம்புலி ஆட்டோவை உதைத்துக் கிளப்பினான். "மேட்டர் ஓவர். பாய்தான். மாத்திர துன்னா கை நிக்கும், நின்ன கையோட ஸ்க்ரூ டிரைவர எடுத்துகினு மாடி ஏறிடுவாரு. நம்ம முன்னால டீய ஊத்துனது நடிப்பு."

"கோட்டைத் தாண்டினவர் சட்டையில்தான் ஸ்டிக்கர். பாயால தாண்ட முடியுமா?"

வேம்புலி கிளட்சை விட மறந்தான். வண்டி குலுங்கி நின்றது. "பேஸ்மேக்கர்!"

"அவரை அந்த அறைக்குள்ளேயே விட மாட்டாங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை பாய் இங்கே வந்து வெளியில உட்கார்ந்திருக்கார். உள்ளே போய்ப் படுக்கிறது கூட வர்றவர்."

"செக்ரட்டரி? அந்த ஆளுக்குக் கை ஆடவே இல்லியே!"

"கையை நீ பார்த்தியா? பாக்கெட்டைத்தான் பார்த்தே. ரெண்டு வருஷத்துல எழுத்து கட்டை விரல் அளவிலேருந்து எறும்பு அளவுக்கு வந்துடுச்சு. அந்த நோய்ல கையெழுத்து சுருங்கும்னு இன்சூரன்ஸ்ல இருந்தப்ப ஒரு கேஸ்ல படிச்சேன். டூல் ரூம்ல முப்பது வருஷம் இருந்தவர் ஸ்க்ரூவைக் கீழே போடுவாரா?"

வேம்புலி வண்டியைத் திரும்பக் கிளப்பினான். வேலப்பன்சாவடி தாண்டும்போது தலையைப் பின்னால் திருப்பினான். "அப்ப அந்த மனுசன் தானே எடுத்துட்டு, அந்தம்மா மேல புகார் எழுதிக்கிறாரு."

"ஆமா" என்றாள் கோமளா.

வேம்புலிக்குக் கோபம் வந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிய முறுக்கில் ஆட்டோவுக்கும் அது தெரிந்தது.

நாலரைக்குச் சங்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஜெகதீசனும் ரசாக் பாயும் இருந்தார்கள். கோமளா மஞ்சள் ஸ்டிக்கரை மேஜை மேல் வைத்தாள்.

ஜெகதீசன் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தார். ஒன்பது சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. துரு எடுத்து, துடைத்து, வீட்டு எண் எழுதிய சீட்டுகளை நூலில் கட்டி வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் பட்டன் இல்லை.

"ஒரு வருஷமா சட்டைப் பட்டன் போட வராத கைம்மா இது" என்றார். "மருந்து அளவைக் கூட்டின பிறகு, காலை மாத்திரை போட்டா பத்தரை மணிக்கு மேல ஆட்டம் நிக்க ஆரம்பிச்சுது. அந்தக் கையை என்னால சும்மா வச்சிருக்க முடியல. பழுது பார்த்துத் திருப்பி மாட்டிடலாம்னுதான் முதல் பெல்லை எடுத்தேன். மூணாவதுக்கு மேல எனக்கே பயமாயிடுச்சு. ஆனா மணி பத்தரை ஆனா கால் தானா மாடி ஏறுது."

"நீங்களா பாய் அவரை மறைச்சீங்க?" என்றாள் கோமளா.

"நோயைத்தான் மறைச்சேன். பெல் விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார் ரசாக் பாய். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு வயசால ஆடற கை. எப்படியும் ஆடுது, இந்த நோயையும் நானே வாங்கிக்கிறேன்டான்னு சொன்னேன். செக்ரட்டரிக்கு மூளை ஸ்கேன்னு தெரிஞ்சா பைத்தியம்னு பேசுவாங்கன்னு பயந்தான்."

ஜெகதீசன் கோமளாவைப் பார்த்தார். "ஆள் கிடைக்கலைன்னு அறிக்கை கொடுத்துடுங்களேன். ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் மாட்டிடுறேன். முனியம்மா மேல புகாரும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஆள் கிடைக்காத வரைக்கும் இந்த அடுக்ககத்துல முனியம்மாதான் சார் ஆள். அந்தப் பேரை நீங்க எழுதினீங்க. நீங்கதான் எடுக்கணும். நான் டாக்டர்கிட்ட பேச ஏற்பாடு பண்றேன், மருந்தைச் சரி பண்ணிடுவாங்க. கூட்டத்துல என்ன சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வேம்புலிக்கு அந்த மனிதரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எது சரி என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு வாகனம் நிறுத்துமிடத்தில் நாற்பது பேர் கூடினார்கள். முனியம்மாவை ஒரு தூண் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். புகார்க் கடிதம் அனுசுயாவின் கையில் தயாராக இருந்தது. ஜெகதீசன் எழுந்தார். ஒன்பது சுவிட்சுகளையும் மேஜையில் பரப்பினார். நோய், மாத்திரை, ஸ்கேன், எதையும் மறைக்காமல் சொன்னார். "எடுத்தது நான். முனியம்மா இல்லை" என்று முடித்தார்.

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் பாய்ந்தது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்!" என்றாள் ஒரு அம்மாள். "இது உங்க தப்பே இல்லை, மாத்திரையோட தப்பு" என்றார் இன்னொருவர். அனுசுயா கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு, தன் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தூண் ஓரத்தில் முனியம்மா அப்படியே நின்றாள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வேம்புலி அவளிடம் போகலாம் என்று ஓரடி எடுத்து வைப்பதற்குள் அவளே நடந்து வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெகதீசனுக்கு எதிரில் போய் நின்றாள். அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அவரு மாத்திர துன்னாரு, புத்தி தடம் மாறிப் போச்சு. சரி, ஒத்துக்கிறேன். ஒடம்பு நல்லாவட்டும். நீங்க நாப்பது பேரும் இன்னா மாத்திர துன்னீங்க?"